கட்டிலருகே ஒரு ஸ்டூல்

டீயை ஆற்றிக்கொண்டே பேசுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவர், வேலையில் கால் முறிந்து வார்டில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. ஆனாலும் ராத்திரி முழுக்க வலி என்கிறார். சிஸ்டர் சீட்டைப் பார்க்கிறார். மருந்தின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வலிப்பது எது?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் லண்டனின் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, பின்னாளில் டாக்டருக்குப் படித்தவர். கடைசிக் கட்டத்தில் இருந்த நோயாளிகளிடம் வலியைப் பற்றிக் கேட்டால், உடம்பில் தொடங்கும் பேச்சு வீட்டுக் கவலைக்கும் பயத்துக்கும் 'எனக்கு ஏன் இப்படி' என்ற ஆற்றாமைக்கும் போவதைக் கவனித்தார். 1960களில் அதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார். ரசம் கொதித்த பிறகு புளியையும் மிளகையும் தனித்தனியாக எடுக்க முடியுமா? வலியும் அப்படிக் கரைந்தே கிடக்கிறது. அதை முழுதாகப் பார்த்துக் கவனிப்பதைத்தான் செவிலியர் படிப்பில் ஹோலிஸ்டிக் கேர் என்கிறார்கள்.

இங்கேதான் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறோம். "அன்பாகப் பேசுவது நல்லதுதான், ஆனால் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்கிறோம். பரிவு என்றால் சிகிச்சை முடிந்த பிறகு, நேரம் மிச்சமிருந்தால் கொடுப்பது என்று நினைத்துவிடுகிறோம். சரி, அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கன்சாஸில் முதுகெலும்பு அறுவை செய்துகொண்ட 120 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2012இல் வெளிவந்தது. பார்க்க வந்த டாக்டர் சிலரிடம் நின்றபடி பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். கடிகாரப்படி இரண்டுமே சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள்தான். ஆனால் டாக்டர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டபோது, நின்று பேசியதை நாலு நிமிடத்துக்குக் குறைவாகவும், உட்கார்ந்து பேசியதை ஐந்து நிமிடத்துக்கு மேலாகவும் நோயாளிகள் சொன்னார்கள்.

இன்னொன்று, 2006இல் வெளிவந்த நர்ஸுகளின் ஆய்வு. மணிக்கொரு முறை போய், வலி இருக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று தாங்களே கேட்டார்கள். மணியடித்துக் கூப்பிடுவது குறைந்தது. கீழே விழுவதும் குறைந்தது. அடுப்பில் பால் இருக்கும்போது பக்கத்திலேயே நிற்கிறோமே, அதே கணக்குதான். பொங்கி வழிந்த பிறகு துடைக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

இதைச் சொல்லி நர்ஸுகளின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது. ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் எழுதியது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. உட்கார ஸ்டூல் இருந்தால் போதாது; உட்கார ஆளும் வேண்டும்.

நம் ஊரிலும் இப்படி முழுதாகக் கவனிப்பதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு பாட்டியின் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர் கண்ணில், காற்று வராத அறையும் தூக்கமில்லாமல் சோர்ந்த மருமகளும் படுகிறார்கள். அவையும் அந்தப் புண்ணின் கதைதான்.

இப்போது லேத்காரரிடம் திரும்புவோம். சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணா, வீட்ல யார் யார் இருக்காங்க?" என்கிறார். சம்பளம் நின்றால் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்ற பயம் வெளியே வருகிறது. அவரிடம் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்கு, குணமாகும்வரை கூலியில் 90 சதவீதம் அதில் கிடைக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. சிஸ்டர் சொல்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிரவு அதே மாத்திரையோடு அவர் தூங்கினால், நாம் ஆச்சரியப்பட மாட்டோம்.