குட்டி யானையா, புது செடானா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்கள். அது முடியும்வரை எந்த வண்டியும் தெருமுனையில் காத்திருக்க வேண்டியதுதான். பாவு சுருட்டப்பட்ட பிறகு உள்ளே தடதடத்து நுழையும் வண்டிகளில் பழைய டாடா ஏஸ் ஒன்றாவது இருக்கும். ஊர் வாயில் அது குட்டி யானை.

2005 மே மாதம் விற்பனைக்கு வந்த வண்டி அது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின், வெறும் 16 குதிரைத்திறன். சுமப்பதோ முக்கால் டன்! அகலம் 1.5 மீட்டர்தான் என்பதால் நெசவாளர் தெருக்களில் தாராளமாகத் திரும்பும்.

அதே மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. அங்கே உருவாகும் புதிய வெர்னா செடானில் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் சுமார் 115 குதிரைத்திறன் தருகிறது. ஏழு மடங்கு பலம். ஆனால் ஒரு தறியை வீடு மாற்ற வேண்டுமானால் அந்தப் பலத்தால் பயனில்லை. தறிமரங்களும் ஜக்கார்டு பெட்டியும் 528 லிட்டர் டிக்கிக்குள் அடங்காது. ஏஸில் பின்கதவை இறக்கி, மரத்தைச் சாய்த்துக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது.

நெய்த சேலை கதையே வேறு. பட்டுக்கு எடை குறைவு, விலை அதிகம். ஐப்பசி மழையில் திறந்த வண்டியில் தார்ப்பாய் சற்று விலகினாலும் சேலையில் கறை விழும், ஜரிகை கருக்கும். எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குச் சரக்கு கொண்டுபோகும் வியாபாரிக்குப் பூட்டிய டிக்கிதான் நிம்மதி.

செலவைப் பார்த்தால், பழைய ஏஸை உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். புதிய செடானுக்கு சென்சாரும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் ஏஸ் சரக்கு வண்டி. எட்டு ஆண்டுகளைத் தாண்டினால் வருடாவருடம் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். விலை மலிவு என்று வாங்குகிறவர்கள் சேசிஸின் அடியில் துரு இருக்கிறதா, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே முன்பணம் கொடுப்பது நல்லது.

பாதுகாப்பில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வெர்னா ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆறு ஏர்பேக்குகள் எல்லா மாடலிலும் உண்டு. பழைய ஏஸில் ஒரு ஏர்பேக்கும் கிடையாது. ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் மெல்லிய தகடுதான்.

ஆகவே தறிக்கும் தெருவுக்கும் ஏஸ், குடும்பத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் செடான். வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும்போது, இடம் போதவில்லை என்று சரக்கு வண்டியின் பின்னால் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். பஸ்ஸோ வேனோ பிடித்துப் போங்கள்.