மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொற்று

மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொற்று என்பது, மண்டையோட்டைத் திறந்தோ மூக்கின் வழியாகவோ கட்டியை அகற்றிய பின்னர், அறுவைப் புண், மண்டையோட்டு எலும்பு, மூளையுறை, மூளை ஆகியவற்றில் கிருமிகள் பெருகுவதால் ஏற்படும் சிக்கல் ஆகும். இது தோலோடு நின்றுவிடலாம். மூளையுறை அழற்சியாகவோ மூளைச் சீழ்க்கட்டியாகவோ மாறினால் உயிருக்கு ஆபத்தாகும். மண்டையோடு திறந்து அறுவை செய்யப்பட்ட 2,944 பேரிடம் பிரான்சில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு இத்தகைய தொற்று ஏற்பட்டது.

முதன்மைக் காரணி: நீர்க்கசிவு

மூளையைச் சூழ்ந்துள்ள மூளைத் தண்டுவட நீரை, தடித்த வெளியுறை ஒன்று காக்கிறது. பெரும்பாலான கட்டிகளை இவ்வுறையை வெட்டாமல் அகற்ற இயலாது. பின்னர் தைக்கப்பட்ட உறை முழுமையாக மூடாவிட்டால் நீர் புண் வழியாகவோ மூக்கு வழியாகவோ கசியும். நீர் வெளியேறும் அதே வழியில் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. சிறுமூளைப் பகுதி, மண்டையோட்டின் அடித்தளம், மூக்கு வழியாக அணுகப்படும் பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றின் அறுவைகளில் கசிவுக்கு வாய்ப்பு அதிகம்.

6,243 அறுவைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. முன்கூட்டியே செலுத்தப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி, புண் தொற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. மூளையுறை அழற்சியையோ தடுக்கவில்லை. உறையைக் கசிவின்றி மூடுவதற்கு மருந்து மாற்றாகாது.

பிற காரணிகள்

நான்கு மணி நேரத்தைக் கடக்கும் அறுவை, அவசர அறுவை, நாட்கணக்கில் விடப்படும் வெளி வடிகுழாய், நீரிழிவு நோய் ஆகியவை இடரைக் கூட்டுகின்றன. மறு அறுவை இன்னும் இடர் மிக்கது. கிளியோபிளாசுட்டோமா போன்ற கட்டிகள் மீண்டும் வளர்பவை. இரண்டாம் முறை திறக்கும்போது கதிர்வீச்சு பெற்ற தோல் மெலிந்து, இரத்த ஓட்டம் குன்றியிருக்கும். எடுத்துத் திரும்பப் பொருத்தப்படும் எலும்புத் துண்டுக்கும் இரத்த ஓட்டம் இல்லாததால், அதில் தங்கும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை.

கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டெராய்டு தரப்படுகிறது. இது தேவையான மருந்தே. எனினும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தி, நோய் எதிர்ப்பைக் குறைத்து, காய்ச்சலையும் மறைத்துவிடக்கூடியது.

தலையை மழித்தால்தான் தூய்மை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. உண்மையில் சவரக்கத்தி உண்டாக்கும் நுண்கீறல்கள் கிருமிகளுக்கு இடமளிக்கின்றன. முடியை அகற்றாமல் விடவேண்டும், அல்லது கத்தரிக்கும் கருவியால் மட்டுமே நீக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை.

வீடு திரும்பிய பின்

இந்தியாவில் நரம்பு அறுவை மருத்துவம் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. குமரி மாவட்டத்தின் முட்டம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வேலூர் மிகத் தொலைவு. மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், திருவனந்தபுரத்தில் 1976இல் தொடங்கப்பட்ட சிறீ சித்திரைத் திருநாள் நிலையம் அதைவிட அண்மையது. எங்கு அறுவை செய்தாலும், தொற்று வீடு திரும்பிய பின்னரும் தலைகாட்டலாம். எலும்புத் துண்டில் மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம்.

காய்ச்சல், கூடிவரும் தலைவலி, கழுத்து விறைப்பு, அயர்வு, புண்ணில் சிவப்பு அல்லது சீழ் ஆகியவை அறிகுறிகள். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவதை நீர்க்கோவை என்று எண்ணி ஆவி பிடிப்பதும், மூக்கைச் சிந்துவதும் தவறு. அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அந்நீரில் பீட்டா-2 டிரான்சுபெரின் என்னும் புரதம் உள்ளதா என்ற ஆய்வு ஐயத்தைத் தீர்க்கும்.