மூட மறக்கும் கதவு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய அறைக்குள் கரி கனன்றாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ, தெரியாமல் ரத்தத்தில் ஏறிவிடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இதை இறுகப் பற்றிக்கொள்ளும். திசுக்கள் ஆக்சிஜனுக்குத் தவிக்கும். பள்ளியில் நாம் படித்தது இவ்வளவுதான்.

ஆனால் மயங்கி விழும் அளவுக்கு வாயு ஏறாதவர்களுக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாவது உண்டு. ஆக்சிஜன் பற்றாக்குறை ஒன்றையே இதற்குக் காரணம் சொல்ல முடியுமா? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பீர்ஸ், டெரெக் ஸ்டீல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளின் இதயச் செல்களில் விடை தேடினார்கள். முடிவு 2012இல் வெளியானது.

ஒவ்வொரு துடிப்பும் சோடியத்தில்தான் தொடங்குகிறது. இதயச் செல்லின் சவ்வில் இருக்கும் நுண்ணிய கதவுகள் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், ஓரிரு மில்லி விநாடியில் கதவுகள் அடைத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு வந்தால் செல்லில் நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது. அது கதவைப் பாதிக்கிறது. சில கதவுகள் சரியாக அடைபடாமல் சோடியம் கசிந்துகொண்டே இருக்கும். கசிவு மிகச் சிறியதுதான். அதுவே போதும், செல் ஓய்வுநிலைக்குத் திரும்பத் தாமதமாகிவிடும். அந்த இடைவெளியில் வேண்டாத துடிப்பொன்று முளைக்கும். தாளம் தப்புவது அங்கேதான்.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த கட்டம். இந்தக் கசிவை அடைக்கும் மருந்து ஏற்கெனவே கடைகளில் இருந்தது: நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ரனோலசின். எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது தாளம் மீண்டது. புது மூலக்கூறு தேடி ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனாலும் எலியில் பலித்தது மனிதரில் பலிக்குமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரை உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோவதும், முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுப்பதும்தான் முதல் சிகிச்சை. சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். தூய ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் இங்கே நம்ப முடியாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் இந்த நச்சு ஏறியதையும் சாதாரண கருவியால் பிரித்தறிய இயலாது. உள்ளே நச்சு ஏறியிருக்கும்போதும் திரையில் 98 என்றே காட்டலாம். ரத்தப் பரிசோதனையோடு இசிஜியும் எடுத்துப் பார்த்தால்தான் இதயத்தின் நிலை தெரியும்.