டர்போ ஏன் தாமதிக்கிறது?

மோட்டார் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சக்கரங்களைச் சென்று சேராமல், உஷ்ணமும் வேகமுமாகப் புகைக்குழாய் வழியே வெளியேறி ஆகாயத்தில் கலந்து வியர்த்தமாகிறது. அந்தப் புகையைச் சும்மா விடாமல், அதைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று யோசித்து, 1905-ஆம் ஆண்டிலேயே பேடண்ட் உரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆல்ஃபிரட் பூஹி என்னும் ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர். கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அந்த யோசனை பலிக்கவே இருபது ஆண்டுகள் பிடித்தன; விற்பனைக் கார்களில் அது ஏறியது 1962-இல், அமெரிக்காவில்.

விரல் பருமனுள்ள ஒரு தண்டு. அதன் இரு முனைகளிலும் இதழ் இதழாய் அமைந்த இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றன்மீது புகை மோதிச் சுழற்ற, அதே தண்டில் கோத்த மற்றதும் உடன் சுழன்று, வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்கு அனுப்புகிறது. இதுவே டர்போ. ஒரு கிராம் பெட்ரோல் செவ்வையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது கணக்காகையால், காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாகச் செலுத்தலாம். சிறிய எஞ்சின் பெரியதன் வேலையைச் செய்யும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல இத்தண்டின் ஒரு முனை செந்தணலாய்ப் பழுத்திருக்க, ஒரு சாண் தூரம்கூட இல்லாத மறுமுனை வெளிக்காற்றை வாங்கிக்கொண்டிருப்பதும், அத்தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே என்பதும், என் அபிப்பிராயத்தில் யந்திரக் கலையின் பெரிய விந்தைகளுள் ஒன்று.

ஆயினும், மெதுவாகச் சென்றுகொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால், வண்டி ஒரு க்ஷணம் யோசித்துவிட்டுத்தான் பாய்கிறது. புகை பெருகினால்தான் டர்போ சுழலும். டர்போ சுழன்று காற்றைத் தந்தால்தான் புகை பெருகும்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். போதாக்குறைக்குச் சக்கரத்தின் ஜடத்துவமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், அதன் சுழல் ஜடத்துவம் 32-இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் அவ்வளவு சிறிய சக்கரம், எஞ்சின் முழுவேகத்தில் ஓடும்போது வரும் புகைப் பிரவாகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்.

இந்தச் சங்கடத்தை ஊரறிய அனுபவித்தது ரெனோ கம்பெனி. 1977-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் அவர்கள் இறக்கிய, ஃபார்முலா ஒன் பந்தயத்தின் முதல் டர்போ காரில் இருந்தது ஒற்றை டர்போ. தாமதமும் அடிக்கடி வந்த பழுதும் சேர்ந்து, புகை கக்கி நின்ற அந்த மஞ்சள் வண்டிக்குத் தேநீர்க் கெண்டி என்ற கேலிப் பெயரை வாங்கித் தந்தன. ஒற்றைப் பெரிய டர்போவை விட்டு இரண்டு சிறியவற்றைப் பொருத்திய பின், 1979-இல் சொந்த நாட்டின் டிஜோன் களத்திலேயே ழான் பியேர் ஜபூய் ரெனோ காரில் முதலாவதாக வந்தார்.

புகையின் அளவுக்கேற்பத் திரும்பும் இதழ்கள், தண்டை முன்கூட்டியே சுழற்றிவிடும் மின்மோட்டார் எனப் பரிகாரங்கள் பல வந்துவிட்டன. தாமதம் குறைந்திருக்கிறதே தவிர, அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆகையால் டர்போ வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், மலைப் பாதையில் லாரியை முந்த எண்ணினால், முதலில் கியரை ஒன்று குறைத்து, எஞ்சின் வேகம் ஏறிய பிறகே முந்துங்கள்.