"ரிப்போர்ட்ல இருக்கும்மா!"

ஸ்கேன் சென்டரில் காத்திருக்கும் பெண்களின் மடியில் தண்ணீர் பாட்டில் தவறாமல் இருக்கும். தொடக்க மாதங்களில் மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும் என்று சொல்லிக் குடிக்கவைக்கிறார்கள். பேர் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே போனால் இருட்டு, வயிற்றில் சில்லென்று ஜெல், டாக்டர் பக்கம் திரும்பிய மானிட்டர். "புள்ள நல்லாருக்கா டாக்டர்?" என்று கேட்டால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கும்மா, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க."

இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு வேதனையான கதை இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் 1980களில் வெளியே தெரியவந்தன. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கள்ளிப்பாலின் வேலையை ஸ்கேன் கருவி எடுத்துக்கொள்ள ஆரம்பித்த அந்தக் காலத்தில்தான், 1994-ல், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2003-ல் வந்த திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. சொல்லாலோ சைகையாலோ பாலினத்தைத் தெரிவித்தால் மூன்றாண்டு வரை சிறை. 'ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை' என்று கர்ப்பிணியும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இந்தச் சட்டத்தில் ஓர் எழுத்துகூடத் தளரக் கூடாது. ஆனால் அது வாயைக் கட்டுவது ஒரே ஒரு செய்திக்கு மட்டும்தான். இதயம் துடிக்கிறது, முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, நஞ்சு மேலே இருக்கிறது என்று தாயிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. சட்டத்துக்குப் பயந்தோ கூட்டத்தைச் சமாளிக்கவோ, அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். புரியாத ஆங்கிலத் தாளோடு வெளியே வரும் பெண்ணுக்கு விளக்கம் சொல்வது அக்கம்பக்கமும் யூடியூபும்தான்.

அங்கிருந்து கிளம்பும் பயங்கள் கொஞ்சமல்ல.

முதலாவது, பிரசவத் தேதி. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு தேதி போட்டிருப்பார்கள், எதை நம்புவது? முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதி ஒரு வாரத்துக்கு மேல் பிசகுவது அபூர்வம். கடைசி மாதங்களின் கணக்கோ மூன்று வாரம்கூட முன்னே பின்னே போகும். ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே உயரம் இல்லையே, அதுபோலத்தான். அதனால் முதல் ஸ்கேனில் உறுதியான தேதியைப் பிறகு மாற்றக் கூடாது. அந்தத் தாள் தொலைந்துபோய், எட்டாம் மாத ரிப்போர்ட்டை வைத்து 'நாள் கடந்துவிட்டது' என்று வலி வரவைக்க மருந்து ஏற்றினால் நஷ்டம் குழந்தைக்கு.

அடுத்தது எடை. வயிற்றிலுள்ள குழந்தையைத் தராசில் வைக்க முடியாது. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவை வைத்துப் போடும் மதிப்பீடுதான் அது. 10 முதல் 15 சதவீதம் தவறலாம். 3 கிலோ என்று வந்த குழந்தை 2.6 கிலோவாகப் பிறந்தால் யாரும் ஏமாற்றிவிடவில்லை.

'கொடி சுத்தியிருக்கு' என்ற ஒரு வரி போதும், வீடே தூக்கம் இழக்கும். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கிறது; பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அதை மட்டுமே காரணமாக வைத்துச் சிசேரியனுக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்தாம் மாதத்தில் 'நஞ்சு கீழே இருக்கு' என்பதும் அப்படித்தான். கர்ப்பப்பை வளர வளரப் பலருக்கு அது மேலே போய்விடும். போகாமல் வாயை அடைத்து நின்றுவிட்டால்தான் ஆபத்து. அதனால்தான் 32 வாரத்தை ஒட்டி மறுபடி பார்க்கிறார்கள். நடுவில் ரத்தம் பட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுக்கையில் கிடக்கச் சொல்வதைவிட இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது எவ்வளவோ மேல்.

எந்த ஸ்கேனைத் தள்ளிப்போட்டாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. மூளை, இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது அப்போதுதான். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரத்தைத் தாண்டினால், கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலும், மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். வளைகாப்பு முடியட்டும், கணவர் லீவு போட்டு வரட்டும் என்று காத்திருந்து 26-வது வாரத்தில் போகிறவர், யோசிக்கக் கிடைத்திருக்க வேண்டிய அவகாசத்தை இழந்துவிடுகிறார். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2016-ல் பரிந்துரைத்தது. மாதாமாதம் எடுப்பது எல்லோருக்கும் தேவையில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்று காரணம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டும்.

நம் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருவது கிராம சுகாதார செவிலியர். வீடு தெரியும், மாமியாரைத் தெரியும், அந்தப் பெண் எதற்குப் பயப்படுவாள் என்பதும் தெரியும். ரிப்போர்ட்டைப் பிரித்துத் தமிழில் சொல்ல அவருக்குப் பயிற்சியும், அதற்கான நேரமும் அரசு கொடுக்க வேண்டும். தேதி எது, வளர்ச்சி சரியா, நஞ்சு எங்கே, அடுத்த ஸ்கேன் எப்போது என்ற நாலு கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.