தீவுகளைக் காப்பதா, தீவுகளைக் கொண்டு காப்பதா?

ஜப்பானின் இராணுவத் தளங்கள் பற்றிய விவாதத்தில் இரு வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பிப் போவதை நாம் காண்கிறோம். ஒன்று, ஒகினாவா பெருந்தீவிலுள்ள அமெரிக்கத் தளங்கள் பற்றியது. மற்றொன்று, அதற்குத் தென்மேற்கே தைவானை நோக்கிச் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளில் ஜப்பானின் சொந்தத் தற்காப்புப் படை அமைத்துவரும் முகாம்கள் பற்றியது.

முதலாவதன் வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. 1879இல் ரியூக்யூ அரசை ஒழித்து ஜப்பான் இணைத்துக்கொண்ட ஒகினாவா, 1945இல் போர்க்களமாகி, மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரை இழந்தது. 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. நாட்டின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே கொண்ட இம்மாகாணத்தில், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு அமைந்துள்ளது. கினோவான் நகரின் நடுவேயுள்ள ஃபுடென்மா விமானத் தளத்தைத் திருப்பித் தர 1996இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் அதற்கு மாற்றாகத் தெரிவு செய்யப்பட்ட ஹெனோகோ கடற்கரையும் இதே மாகாணத்தில்தான் உள்ளது. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் அங்கே கடலை நிரப்புவதை எதிர்த்தனர். எனினும், ஆளுநர் வழங்க மறுத்த அனுமதியை, நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு, 2023 டிசம்பரில் மத்திய அரசே அவருக்குப் பதிலாக வழங்கிவிட்டது.

இரண்டாவது பிரச்சினை இத்துணை நேரானதன்று. தைவானிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யோனகுனி தீவு 2015இல் தானே வாக்கெடுப்பு நடத்தி, 632க்கு 445 என்ற கணக்கில் முகாமை வரவேற்றது. மக்கள்தொகை குறைந்துவந்த அச்சிற்றூருக்குப் படையினரின் குடும்பங்களும், பள்ளிக்குப் பிள்ளைகளும், வரி வருவாயும் தேவைப்பட்டன. அச்சமும் கற்பனையன்று: 2022 ஆகஸ்டில் சீனா ஏவிய ஏவுகணைகளுள் ஐந்து ஜப்பானின் பொருளாதாரக் கடற்பரப்பில் விழுந்தன. ஆயினும், யோனகுனி மக்கள் அன்று ஏற்றது கடலோரக் கண்காணிப்புப் படையைத்தான். ஏவுகணைப் பிரிவு பற்றிய திட்டமோ பின்னர் வந்தது. இவ்வேறுபாட்டைச் சிறியதெனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. இஷிகாகி தீவிலோ, வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் கையொப்பமிட்டு வாக்கெடுப்புக் கோரியும், நகர மன்றம் 2019இல் அதனை நிராகரித்தது. 2023இல் ஏவுகணைப் பிரிவுகளுடன் முகாம் திறக்கப்பட்டது.

தலைநகரிலிருந்து நோக்குவோர்க்கு இம்முகாம்கள் கேடயம். தீவினில் வாழ்வோரில் பலருக்கோ அவை எதிரியின் குறியை ஈர்ப்பவை. இது வெறும் ஐயமன்று. 1945இல் ஷூரியிலிருந்து தெற்கே பின்வாங்கிய ஜப்பானியப் படை, பொதுமக்கள் ஒளிந்திருந்த குகைகளுக்குள் புகுந்து அவர்களை வெளியேற்றியதை முதியோர் தம் மக்களுக்குச் சொல்லி வந்துள்ளனர். தலைமையகத்தைக் காத்துப் போரை நீட்டிப்பதற்கே தீவு பயன்பட்டது என்பது அவர்தம் முடிவு.

2025 மார்ச்சில் அரசு வெளியிட்ட திட்டமொன்று, இச்சிறு தீவுகளின் குடிமக்களும் சுற்றுலாப் பயணிகளுமாகச் சுமார் 1,20,000 பேரை ஆறு நாட்களில் கப்பலிலும் விமானத்திலும் கியூஷூவுக்கும் யாமகுச்சிக்கும் அனுப்ப வகை செய்கிறது. தாக்குதல் தொடங்குமுன்னரே இது முடிந்தாக வேண்டும். மாடு வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இஷிகாகியில் பல உண்டு. அவர்கள் தொழுவத்தைத் திறந்துவிட்டுப் புறப்படுவதா, பூட்டிவிட்டுப் புறப்படுவதா?