சாண எரிவாயுக் கலத்தின் கழிவு

சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தால், நிலத்திற்குச் சேரவேண்டிய தழைச்சத்து புகையோடு போய்விடும். 1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் பரவச் செய்த சாண எரிவாயுக் கலத்தில் அந்நஷ்டம் இல்லை. சம அளவு ஜலத்தில் கரைத்த சாணம், காற்றுப் புகாத கலத்தில் அழுகுங்கால் மீதேனும் கரியமில வாயுவுமே பெரும்பாலும் வெளிப்படுகின்றன. தழை, மணி, சாம்பற் சத்துக்கள் ஏறக்குறைய முழுவதும் கழிவுக் குழம்பிலேயே தங்கிவிடுகின்றன.

நஷ்டம் நேருவது பிற்பாடுதான். குழம்பிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாக இருப்பதால், வெயிலில் உலர்த்தினால் அது ஆகாயத்திற் கலந்துவிடும். உலர்ந்ததைத் தூக்குவது சுலபமே. அச்சுலபத்தின் விலையை யூரியா மூட்டைக்குக் கொடுக்க நேரிடும்! குழம்பை அப்படியே வாய்க்கால் நீரோடு பாய்ச்சுவது உத்தமம். பயிரில்லாக் காலத்தில் குழியிலே வைக்கோல், சருகு இவற்றோடு அடுக்கி, மண்ணால் மூடி மக்கவிடலாம்.

45 கிலோ யூரியாவில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உண்டு. உலர்ந்த கழிவு 100 கிலோவில் அது 2 கிலோவைத் தாண்டுவது அரிது. ஈரக் குழம்பிலோ இன்னும் சொற்பம். ஆதலின் தூரத்து நிலத்திற்குச் சுமந்து செல்வது கட்டாது. கலத்திற்குக் கடன் கோரும் அங்கத்தினர், கொட்டிலுக்கு அருகே வாய்க்கால் எப்பக்கம் ஓடுகிறதென்று பார்த்தே இடம் குறிப்பது நலம்.